குற்றாலநாதரும் கஷாயம் குடிக்கிறார்

தென்காசி வட்டாரத்தில் ஒருவருடைய நடவடிக்கையில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தால் போதும், ஊரே கூடி மருந்து எழுதிவிடும். 'குத்தாலத்துல கொண்டு நிறுத்துங்க, எல்லாம் தெளிஞ்சிரும்.' எந்த அருவி, எத்தனை நாள், வெறும் வயிற்றிலா என்பதெல்லாம் சொல்கிறவரின் அனுபவத்தைப் பொறுத்தது. பேரருவி முரட்டு வைத்தியம், முற்றின கேஸுக்கு. ஐந்தருவி நடுத்தரம். புலியருவி சின்னப் பிள்ளைகளுக்கும், லேசாகக் கழன்றவர்களுக்கும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் சினிமா நகைச்சுவையில் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி, எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த இலவச ஆஸ்பத்திரி.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பெரியப்பா அங்கே சிகிச்சை எடுத்துக்கொண்டார். அவர் ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் ஒரு பைசா பிசகாது. மனிதர் மட்டும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பிசகிவிடுவார். திண்ணையில் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். உள்ளங்கை வியர்க்கும், உதடு வெளுக்கும். 'ஏளா, எனக்கு வந்துட்டு. பிள்ளையள எல்லாம் கூப்பிடு' என்று பெரியம்மையிடம் சொல்வார். கூடுவோம். ஒருத்தி விசிறுவாள், ஒருத்தி அழுவாள், ஆச்சி திருநீறு போடுவாள். அரை மணியில் வந்தது போய்விடும். பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் தெருமுனை வரை போய்விட்டு வருவார். சாகப்போகிறேன் என்று இத்தனை தடவை அறிவித்துவிட்டுச் சாகாமல் இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்.

ஆச்சியின் முதல் சந்தேகம், மண்டியிலிருந்து வரும் வழியில் இருக்கும் புளியமரத்தின் மேல். பொட்டல்புதூர் தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதி, கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். கயிறு இருந்தது, சாயங்காலமும் தவறாமல் வந்தது. அப்புறம்தான் டாக்டர். அந்தக் கால எல்.எம்.பி. டாக்டர், வயசானவர். குழலை நெஞ்சிலும் முதுகிலும் வைத்துப் பார்த்துவிட்டு ஆச்சியிடம் சொன்னார்: 'இவாளுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல ஆச்சி. பயம்தான் சீக்கு. ராத்திரி படுக்கப்போம்போது இதுல ஒண்ணு குடுங்க. சீசன் ஆரம்பிச்சாச்சுல்லா, ஒரு மண்டலம் குத்தாலத்துல குளிக்கச் சொல்லுங்க.'

ஆக அன்றைக்கே அந்த மனிதர் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதில் ஒன்று மாயமாகிவிட்டது. 'டாக்டரே அருவியிலதான் குளிக்கச் சொல்லிட்டாவ' என்று பெரியம்மை தெரு முழுக்கச் சொன்னாள். மாத்திரை பெரியப்பாவின் வெற்றிலைச் செல்லத்துக்குள், சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அந்த மாத்திரையின் பேர் காம்போஸ். ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியல்காரர் கண்டுபிடித்த டயஸெபாம்தான் அது. 1963-ல் வேலியம் என்ற பேரில் அமெரிக்காவில் இறங்கி, அங்கே வீட்டுக்கு வீடு புகுந்தது. ரான்பாக்ஸி கம்பெனி 1969-ல் அதையே காம்போஸ் என்று இந்தியாவில் போட்டது. அந்தக் கம்பெனி தலையெடுத்ததே இந்த மாத்திரையால்தான் என்பார்கள். அமெரிக்கப் படபடப்புக்கும் தென்காசிப் படபடப்புக்கும் இடையே ஆறு ஏழு வருஷம்தான் வித்தியாசம் என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. டெலிபோன் இதைவிட மெதுவாகத்தான் எங்கள் தெருவுக்கு வந்தது.

மண்டலம் ஆரம்பமானது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் துண்டும் எண்ணெய்க் குப்பியும் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். விடியுமுன் எழுந்து நடை. பஸ் உண்டு, ஆனால் 'நடந்து போனாத்தான் உடம்பு எண்ணெயக் குடிக்கும்' என்பது ஆச்சியின் மருத்துவம். நன்னகரம், மேலகரம் தாண்டிப் போகும்போது மேற்கே மலை மூட்டம் போட்டிருக்கும். சாரல் முகத்தில் ஊசி போடும். மேலகரம் வந்தால் பெரியப்பா ஒரு தடவையாவது சொல்வார்: 'குறவஞ்சி பாடுன திரிகூடராசப்பக் கவிராயர் ஊருல்லா இது.' அந்தக் குறவஞ்சியின் நாயகி வசந்தவல்லியும் குற்றாலநாதரை நினைத்துத் தூக்கம் கெட்டு, நிலாவைத் திட்டி, மன்மதனைத் திட்டி, கடைசியில் ஒரு குறத்தியிடம் கையை நீட்டியவள்தான். குற்றாலத்தில் படபடப்புக்கு இலக்கிய அந்தஸ்தும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். தேய்ப்பது என்றா சொன்னேன்? அறைவார்கள். உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றி இரண்டு கையாலும் படபடவென்று தட்டுவார்கள். பிடரியைத் திருகிச் சொடுக்கு எடுப்பார்கள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, பேரேட்டைத் தொட்ட கையை இன்னொருத்தனிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் அருவிக்குள்ளே. முதல் சில நாள் ஓரத்திலேயே நின்றார். தண்ணீர் தலையில் இறங்கியதும் மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை கால் வெடவெடக்கும். சாயங்காலத் திண்ணையில் வருகிற அதே கோளாறுகள் எல்லாம் ஒன்று விடாமல் வரும். ஆனால் சுற்றிலும் நூறு பேர் அதே கோளாறோடு 'ஓ'வென்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் பெரியப்பாவும் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன், இதற்கு வைத்தியத்தில் இடம் உண்டு. திடீர்ப் படபடப்பு வருகிறவர்களை வேண்டுமென்றே படி ஏறவும், சுற்றிச் சுழலவும், வேகமாக மூச்சு விடவும் வைப்பார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது வேறு, சாவு வேறு என்று உடம்புக்குப் பழக்குகிற முறை. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் படும்போது இதயத் துடிப்பு தானே கொஞ்சம் இறங்கும் என்பதும் உடலியல் பாடத்தில் உள்ளதுதான். பேரருவியின் இரைச்சலில் நின்றுகொண்டு யாராலும் மண்டிக் கணக்கை நினைக்க முடியாது என்பது பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, நின்று பார்த்தால் தெரியும்.

குளித்துவிட்டு வந்தால் அகோரப் பசி. சுடச்சுட இட்லி. மத்தியானம் மிளகு ரசம், சாப்பாடு, தூக்கம். பித்தம் ஏறும் என்று ஆச்சி காபியை நிறுத்திவிட்டாள். மண்டிப்பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. கடன்காரன் யாராவது வாசலுக்கு வந்தால் பெரியம்மை தெருவிலேயே மறித்துத் திருப்பிவிடுவாள். எட்டு மணிக்குப் படுக்கை. அந்த ஒரு மண்டலத்தில் அந்த மனிதரிடமிருந்து நடை, குளியல், சாப்பாடு, தூக்கம் இவற்றைத் தவிர வேறு எதையும் குடும்பம் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கு இதையே மலையடிவார ரிசார்ட்டில் 'வெல்னெஸ் பேக்கேஜ்' என்று விற்கிறார்கள். எண்ணெய்க்குத் தனிக் கட்டணம்.

பெரியப்பா தெளிந்தார். ஊர் மொத்தப் புகழையும் அருவிக்குக் கொடுத்தது. வெற்றிலைச் செல்லத்துக்குள் இருந்தவருக்கு ஒரு நன்றிகூட இல்லை.

அருவியின் பேரில் நடந்ததெல்லாம் இப்படிச் சிரிப்பாக முடிந்துவிடவில்லை. அதே கரையில், காலில் சங்கிலியோடு ஓர் இளைஞரை இரண்டு பேர் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளி நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவர் கத்தினது சந்தோஷக் கத்தல் இல்லை. மற்றவர்கள் கொஞ்சம் விலகி இடம்விட்டுவிட்டுத் தங்கள் குளியலைத் தொடர்ந்தார்கள். குடும்பத்துக்கு வேறு வழி தெரியாது. கோயில், தர்கா, மாதா கோயில், அருவி, இதுதான் பாதை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டுக்கு இந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக்கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது.

பெரியப்பா கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. மாத்திரை வெளியே தெரியாததால், அதை எவ்வளவு காலம் சாப்பிடலாம் என்று கேட்கவும் ஆளில்லாமல் போனது. டயஸெபாம் அரை மணியில் வேலை காட்டும். அதுதான் அதன் சிறப்பு, அதுதான் அதன் வில்லங்கமும். சில வாரங்களுக்கு மேல் போனால் உடம்பு அதற்குக் குடியுரிமை கொடுத்து வைத்துக்கொள்ளும். எழுதிக் கொடுத்த டாக்டர் காலமாகிவிட்டார். அன்றைக்கு மருந்துக்கடையில் பழைய சீட்டைக்கூடக் கேட்டதில்லை. 'வழக்கமா வாங்குறதுதான்' என்றால் கத்திரித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் கடை அடைப்பு என்றால் பெரியப்பாவுக்கு அன்றிரவு சிவராத்திரி. அவர் இருந்தவரைக்கும் செல்லம் அவர் தலைமாட்டில் இருந்தது. வெற்றிலையை விட்டுப் பல வருஷமாகியும் செல்லத்தை விடாததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. 2014-லிருந்து டயஸெபாம், அல்பிரஸோலாம் போன்றவை எச் 1 அட்டவணைக்குள் வந்துவிட்டன. சீட்டு வேண்டும், வாங்குகிறவர் பேர், எழுதின டாக்டர் பேர் எல்லாம் கடைக்காரர் பதிவேட்டில் ஏற வேண்டும். பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால், தன் பேரைப் பேரேட்டில் இன்னொருத்தன் எழுதுவதைப் பார்த்தே படபடப்பு வந்திருக்கும்.

இப்போது என் கதை. பணி ஓய்வு பெற்றபிறகு, இனிப் பதறுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில், விடியற்காலம் மூன்று மணிக்கு நெஞ்சு கெதக்கெதக்கென்று அடிக்க ஆரம்பித்தது. பெரியப்பாவுக்குச் சாயங்காலம் வந்தது, எனக்கு விடியற்காலம். குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்ததில் நேரம் மட்டும் மாறிவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஈ.சி.ஜி., எக்கோ, ஓடுகிற மெஷினில் ஓட்டம். எல்லாம் முடிந்து 'கேஸ் டிரபிள்' என்று சொல்லி அனுப்பினார்கள். பில்லைப் பார்த்ததும் உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. மறுபடி வந்தது, மறுபடி போனோம், மறுபடி கேஸ். கடைசியில் மருந்தாளுநராக இருக்கும் மருமகள்தான், 'மாமா, நீங்க மனநல டாக்டர ஒரு தடவ பாத்துருங்களேன்' என்றாள். என் மனைவி உடனே வாசல் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு மைனி காதில் விழுந்துவிடக்கூடாதே.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகியிருந்தது. அங்கே அரசு தலைமை மருத்துவமனைக்குப் போனோம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, இதற்கென்று டாக்டர் உண்டு, மாத்திரைக்குக் காசு கிடையாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். இதயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

'ஐயா, காபி எத்தன குடிக்கீங்க?'

'நாலஞ்சு.'

'ராத்திரி போனுல என்ன பாப்பீங்க?'

'நியூஸ். அப்புறம் இந்த உடம்பு சம்பந்தமா வர்ற வீடியோ.'

'என்ன வீடியோ?'

'மாரடைப்பு வர்றதுக்கு முந்தி உடம்பு காட்டும் அறிகுறி.'

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். 'பதட்ட நோய்தான். நெறய பேருக்கு இருக்கு. உங்க வீட்டுல முந்தி யாருக்காவது இருந்துச்சா?' என் மனைவி 'இல்ல' என்றாள். நான் 'இருந்துச்சு' என்றேன். இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் விழுந்தன.

நெறயப் பேர் என்று அவர் சொன்னது ஆறுதலுக்காக அல்ல. 2019 கணக்கில் உலகத்தில் முப்பது கோடிப் பேருக்குப் பதட்ட நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை. அவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள்? ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு எழுதிக் கொடுத்தது எஸ்சிடலோபிராம். முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. பெரியப்பாவின் மாத்திரைக்கு நேர் எதிர் குணம். அது அரை மணியில் ஆளைச் சாய்க்கும்; இது வாரக்கணக்கில் ஒன்றுமே செய்யாமல் சும்மா உள்ளே போய்க்கொண்டிருக்கும். சும்மா என்றும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் குமட்டல், வாய் வறட்சி, படபடப்புகூட ஒரு சுற்று கூடியது. 'மொத ரெண்டு வாரம் அப்பிடித்தான் இருக்கும், பயந்து நிறுத்திராதீங்க. நல்லாயிட்டுன்னு நெனச்சும் நீங்களா நிறுத்திராதீங்க' என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். என் மச்சான் ஒருத்தர், நல்லாயிட்டு என்ற உற்சாகத்தில் இதே வகை மாத்திரையை ஒரே நாளில் விட்டுவிட்டு, 'மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கி அத்தான்' என்று தலையைப் பிடித்துக்கொண்டு திரிந்ததை நான் ஏற்கெனவே பார்த்தவன். குறைப்பது என்றால் டாக்டர்தான் படிப்படியாக இறக்க வேண்டும்.

பிறகு ஒரு விடியற்காலம் கண் விழித்தபோது மணி ஆறு. மூன்று மணி என்னை எழுப்பாமலே போயிருந்தது.

மாத்திரை பயத்தை எடுத்துவிடவில்லை. இதைப் பேரருவியை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் நேரே தலையில் இறங்கினால் எவன் நிற்பான்? நடுவில் பொங்குமாகடல் என்று பாறையில் ஒரு பெரும் பள்ளம். அருவி முதலில் அதற்குள் விழுந்து, ஆவேசம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. தண்ணீர் அதே தண்ணீர்தான். ஆனால் அடியில் மனுஷன் நிற்கலாம். மாத்திரை எனக்குள் செய்த வேலை அவ்வளவே. நிற்பது என் பொறுப்பு.

அதற்கும் டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதியிருந்தார். காபியைக் குறைக்கணும். தினம் நடை, வாரத்துக்கு 150 நிமிஷமாவது. ராத்திரி ஒரே நேரத்தில் படுக்கை. படுக்கையில் போன் கூடாது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடணும். படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஆச்சியின் சீட்டு. எண்ணெய் மட்டும்தான் விட்டுப்போயிருந்தது. ஆச்சிக்கு இரண்டாம் கிளாஸ் படிப்பு.

சீட்டு ஒன்றாக இருந்தாலும் ஊர் ஒன்றாக இல்லை. பெரியப்பா நடந்த அதே சாலையில் நானும் நடக்க ஆசைப்பட்டேன். சீசனில் அந்தச் சாலை வேன்களுக்கும் கார்களுக்கும் சொந்தம்; சாரலுக்கு முந்தி ஹாரன் முகத்தில் அடிக்கிறது. அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எல்லாவற்றுக்கும் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடை போட்டுவிட்டது. நியாயமான தடைதான். அந்தக் காலத்தில் எங்கள் தலையிலிருந்து இறங்கின எண்ணெய் எந்த வயலில் போய்ச் சேர்ந்தது என்று யார் யோசித்தார்கள்? ஆனாலும் ஆச்சியின் மருந்துக் கடையில் பாதிச் சரக்கை நீதிமன்றம் முடக்கிவிட்டது என்பதும் உண்மை. மீதிப் பாதியைத் தண்ணீரே முடக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயசுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. மலையில் மழை கொஞ்சம் வலுத்தாலே இப்போது விசில், கயிறு, 'குளிக்கத் தடை'. பதட்டத்துக்கு மருந்து தேடி அருவிக்குப் போனால் போலீஸ்காரர் விசிலில் நமக்குத்தான் தூக்கிவாரிப் போடுகிறது. தடை என்று தெரிந்த கூட்டம் அப்படியே பிரானூர் பார்டருக்குத் திரும்பி, பரோட்டாவும் பிச்சுப்போட்ட கோழியுமாக ராத்திரி பத்து மணிக்குச் சுகவாழ்வு வாழ்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் கலந்தவன்தான். அந்தச் சால்னாவுக்கு எதிராக எந்த டாக்டர் சீட்டும் நிற்காது.

மகன் சென்னையிலிருந்து ஒரு கடிகாரம் அனுப்பினான். நடந்த அடி, தூங்கின நேரம், நாடித்துடிப்பு எல்லாம் காட்டும். முதல் நாளே நான் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டில் அதிர்ந்து, துடிப்பு கூடியிருக்கிறது என்று எழுதிக் காட்டியது. அதைப் படித்ததும் இன்னும் கூடியது. அதையும் அது எழுதிக் காட்டியது. இப்படி நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, 'அதக் கழத்தி மகன்கிட்டயே குடுத்துருங்க' என்றார். அந்த மகனுக்குச் சென்னை நெருக்கடி தாங்கவில்லையாம்; பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறதே, அங்கே வேலை கிடைத்தால் தென்காசிக் காற்றில் நிம்மதியாக இருக்கலாம் என்கிறான். நிம்மதிக்கு நான் தென்காசியில் மாத்திரை போடுவது அவனுக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறான்.

புத்திமதி சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை. 'மாத்திரையா? வேண்டாம்வே, மூளை மரத்துப்போயிரும். காலைல எந்திச்சு யோகா பண்ணும்.' 'ஏ.பி.சி. ஜூஸ் குடிங்க அண்ணாச்சி.' 'நாலு நாள் நல்ல அருவியில நில்லும், எல்லாம் சரியாப் போவும்.' சொல்கிறவர் சட்டைப்பையில் சர்க்கரைக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு என்று மூன்று கலரில் மாத்திரை இருக்கும். நடந்தால் மட்டும் போதும் என்று தன் சர்க்கரை மாத்திரையை அவர் விட்டுவிட்டாரா?

இதற்கு நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் பதில் குற்றாலநாதர். அவரைவிடச் சுகவாழ்வு வாழ்கிறவர் யார்? அருவிச் சத்தம், மலைக்காற்று, மூலிகை வாசம், விடியற்கால எழுச்சி, நேரத்துக்கு நைவேத்தியம். காபி கிடையாது, போன் கிடையாது. ஆனாலும் அகத்தியர் திருமாலைத் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கியபோது உண்டான தலைவலி அவருக்கு இன்னும் தீரவில்லை என்று தலபுராணம். அதற்காகத் தலையில் தினம் தைலக் காப்பு. பல மூலிகைகள் போட்டுக் காய்ச்சின தைலம். ஓயாத சாரலில் சளி பிடித்துவிடக்கூடாது என்று சுக்கும் மிளகும் போட்ட கஷாயம் வேறு நைவேத்தியம். 'அருவிதான் பக்கத்துலயே இருக்கே, எதுக்குச் சாமி மருந்து?' என்று எந்த அண்ணாச்சியாவது கருவறை முன்னால் நின்று கேட்டதுண்டா? இதைச் சொன்னதும் பலபேர் வாயடைத்துப்போகிறார்கள். ஒருத்தர் மட்டும், 'அது சாமிவே' என்றார். அவரோடு வாதம் செய்வதில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து மண்டப வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வயசுக்காரர்கள் கூடினால் பேச்சு சர்க்கரை அளவில்தான் தொடங்கும். 'எனக்கு எட்டு புள்ளி ரெண்டு' என்று ஒருத்தர் பரீட்சை மார்க் சொல்வதாகவே நினைத்துச் சொல்கிறார். அவரவர் டப்பாவைத் திறந்தார்கள். நானும் என் பட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி, எல்லார் முன்னாலும் தண்ணீர் குடித்தேன். பக்கத்திலிருந்தவர் எதற்கு என்று கேட்டார். 'பயத்துக்கு' என்றேன். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி தூரத்திலிருந்தே கண்ணால் என்னைச் சுட்டாள்.

தாம்பூலப் பை வாங்குகிற இடத்தில் ஒரு சித்தப்பா மகன் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். 'அண்ணே, அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கெழம இருப்பாவ?' சொன்னேன். செருப்புத் தேடும்போது எட்டு புள்ளி இரண்டுக்காரர் வந்தார். தனக்கு இல்லையாம், கூட்டாளி ஒருத்தருக்காம். ராத்திரியானால் நெஞ்சை அடைக்கிறதாம். ஆஸ்பத்திரிக்கு வந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று கூட்டாளி பயப்படுகிறாராம். '14416-ன்னு ஒரு நம்பர் இருக்கு அண்ணாச்சி. டெலி மானஸ். ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பாவ, தமிழ்லயே பேசலாம், துட்டு கெடையாது. முதல்ல அதுல பேசச் சொல்லுங்க.' போனை எடுத்து நம்பரைப் போட்டுக்கொண்டார். பேர் என்னவென்று போடுவது என்று யோசித்தார். யோசித்து, 'அருவி' என்று சேமித்துக்கொண்டார்.